ஓடிஜியில மேல் ராடு எரியல: தெர்மோஸ்டாட் போச்சுங்கிறார் கடைக்காரர், நம்பலாமா?

வைத்திக்குப்பம் | 9 டிசம்பர் 2024, இரவு 9:12

40 லிட்டர் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூணும் சேர்ந்தது), 2000 வாட், வாரண்டி முடிஞ்சது. சூடாகிற ராடு மேல ரெண்டு, கீழ ரெண்டு. கீழ் ராடு நல்லா செவக்குது. மேல் ராடு ரெண்டும் ஜில்லுனு கிடக்கு. கேக் அடி கருகுது, மேல மாவாவே நிக்குது. லைட் எரியுது, டைமர் ஓடுது, மணியும் அடிக்குது. ஃபெஞ்சல் புயலுக்கு முன்னாடி நல்லா இருந்தது. உள்ள தண்ணி போகல, மேடை மேலதான் இருந்தது. கடைக்காரர் திறந்துகூட பாக்கல, "தெர்மோஸ்டாட் போயிடுச்சு, மாத்தணும்"ங்கிறார். கிறிஸ்துமஸ் வருது. மாத்தலாமா?

ஓம்_விதி | 9 டிசம்பர் 2024, இரவு 10:05

வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது குறித்த சூடு வந்ததும் அணைக்கும் ஸ்விட்ச். அது போயிருந்தால் கீழ் ராடும் சேர்ந்து அணைந்திருக்கும்.

சாதாரண ஓடிஜியில் கரண்ட் போகும் வழி இது: பிளக், தெர்மல் ஃபியூஸ் (சூடு எல்லை மீறினால் வெட்டுவது), டைமர், தெர்மோஸ்டாட், அப்புறம் மேல், கீழ், இரண்டும் என்று தேர்ந்தெடுக்கிற ஃபங்ஷன் ஸ்விட்ச். மாடலுக்கு மாடல் முன்னே பின்னே இருக்கும். ஆனால் மேலுக்கும் கீழுக்கும் வழி பிரிவது ஃபங்ஷன் ஸ்விட்சில்தான். கீழ் ராடு சிவக்கிறது என்றால் அதுவரைக்கும் எல்லாம் சரி. கோளாறு மேலே போகும் கிளையில். அந்தக் கிளையில் இருப்பது ஸ்விட்சின் மேல் முனை, வயரும் அதன் நுனியில் மாட்டும் உலோகத் திம்பிளும், ராடு. இந்த மூன்றைத் தாண்டி எதுவும் வாங்காதீர்கள்.

முதுநகர் ஒயர்மேன் | 9 டிசம்பர் 2024, இரவு 10:31

ரெண்டு ராடும் ஒரே நாள்ல எப்படிப் போகும்னு அடுத்து கேப்பீங்க. போகல. நிறைய ஓடிஜியில மேல் ரெண்டும் சீரிஸ்ல இருக்கும், அதாவது ஒண்ணு வழியாத்தான் இன்னொண்ணுக்கு கரண்ட் போகும், கீழ் ரெண்டும் அப்படியே. பழைய கோயில் சீரியல் செட் மாதிரிதான், ஒண்ணு அறுந்தா பக்கத்துல இருக்கறதும் படுத்துடும். செத்தது ஒண்ணாதான் இருக்கும்.

மல்டிமீட்டர் இருக்கா? இருந்தா ஸ்க்ரூவத் தொடறதுக்கு முன்னாடியே பாதி கேஸ் முடிஞ்சுடும். பிளக்கைப் பிடுங்கி வெளிய எடுங்க. மீட்டரை 200 ஓம்ல வைங்க. ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாருங்க, 0.3, 0.5னு ஏதோ காட்டும், அதைக் கழிச்சுக்கணும். டைமரை 30 நிமிஷத்துல வைங்க, தெர்மோஸ்டாட்டை முழுசாத் திருப்புங்க. மீட்டர் முனையை பிளக்கோட ரெண்டு கீழ்ப் பின்னுலயும் வைங்க. இப்ப ஃபங்ஷனை மேல், கீழ், ரெண்டும்னு மாத்தி மாத்தி மூணு ரீடிங் எழுதிப் போடுங்க.

டைமர் வைக்க மறந்தா எல்லாமே ஓ.எல்.னுதான் (வழி அறுந்திருக்குன்னு அர்த்தம்) காட்டும். அதைப் பாத்துட்டு ஓவனே செத்துப்போச்சுன்னு இங்க ஒப்பாரி வைக்காதீங்க.

ஓம்_விதி | 9 டிசம்பர் 2024, இரவு 10:44

என்ன வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம். 2000 வாட்டுக்கு 26.5 ஓம். 'இரண்டும்' என்று வைத்தால் அதை ஒட்டி வர வேண்டும். மேல் மட்டும், கீழ் மட்டும் என்றால் தலா 1000 வாட், 53 ஓம். குளிர்ந்த ராடில் கொஞ்சம் குறைவாகக் காட்டும். 50 முதல் 55 வரை எது வந்தாலும் கவலை இல்லை.

வைத்திக்குப்பம் | 11 டிசம்பர் 2024, மாலை 6:20

கீழ் 54. மேல் ஓ.எல். ரெண்டும் 54. இப்ப திறக்கலாமா?

முதுநகர் ஒயர்மேன் | 11 டிசம்பர் 2024, மாலை 7:02

திறங்க. ஸ்விட்சை அணைச்சா போதும்னு நினைக்காதீங்க, பிளக் கையில இருக்கணும். பழைய வீடுகள்ல ஃபேஸும் (கரண்ட் வர்ற வயர்) நியூட்ரலும் (திரும்பிப் போற வயர்) மாறிக் கிடக்கறது சகஜம். அப்படி இருந்தா ஸ்விட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும், ராடுல ஃபேஸ் நின்னுக்கிட்டே இருக்கும்.

பின்னாடியும் அடியிலயும் உள்ள ஸ்க்ரூ எல்லாம் எடுத்தா வெளி மூடி பின்பக்கமா நழுவி வரும். தகரம் ஓரம் பிளேடு, கையுறை போட்டுக்கோங்க. உங்க ஏரியாவுல கடல் காத்துக்கு ஸ்க்ரூ தலை துருப்பிடிச்சு வழுக்கும். துரு ஸ்பிரே ஒரு சொட்டு விட்டு பத்து நிமிஷம் ஊற விடுங்க, ஸ்க்ரூடிரைவரை நல்லா அழுத்திக்கிட்டுத் திருப்புங்க. அந்த ஸ்பிரே தீப்பிடிக்கும், அப்புறம் துடைச்சுடணும்.

மூடி வந்ததும் மொதல் வேலை போட்டோ. ரெண்டு பக்கமும். எந்தக் கலர் வயர் எங்க போகுதுன்னு தெரியணும். ராடு முனை இடப்பக்கமும் இருக்கும், வலப்பக்கமும் இருக்கும். கன்ட்ரோல் பக்கம் இல்லாத பக்கத்துல மேல் ரெண்டு ராடையும் ஒரு சின்ன வயரோ தகடோ இணைச்சிருந்தா அதுதான் நான் சொன்ன சீரிஸ். திம்பிளைக் கழட்டும்போது வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, நோஸ் பிளையரால திம்பிளையே பிடிச்சு ஆட்டி எடுங்க. கழட்டின அப்புறம் ஒவ்வொரு ராடையும் தனியா அளந்து பாருங்க.

வைத்திக்குப்பம் | 12 டிசம்பர் 2024, இரவு 8:47

இடப்பக்கம் தகடு இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே. முன் ராடு 27. பின் ராடு ஓ.எல். பின் ராடு வலது முனைல திம்பிள் கருகி, தொட்டதும் பொடியா உதிருது. அப்ப போனது திம்பிள்தானா?

முதுநகர் ஒயர்மேன் | 12 டிசம்பர் 2024, இரவு 9:15

அவசரப்படாதீங்க. ராடு முனையை உப்புத்தாள் போட்டு பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சு, பளபளப்புல முனையை வெச்சு மறுபடி அளங்க. துரு மேல வெச்சா மீட்டர் பொய் சொல்லும். 27 வந்தா திம்பிள் மட்டும் மாத்தினா போதும். அப்பவும் ஓ.எல்.னா ராடு உள்ள அறுந்திருக்கு.

ஓம்_விதி | 12 டிசம்பர் 2024, இரவு 9:50

திம்பிள் ஏன் கருகுகிறது என்று யாரும் கேட்பதில்லை. மேல் கிளையில் 4.35 ஆம்பியர் ஓடுகிறது. திம்பிள் தளர்ந்து அங்கே ஒரு ஓம் கூடினால், 4.35 பெருக்கல் 4.35, கிட்டத்தட்ட 19 வாட் அந்த நகக்கண் அளவு இடத்தில். சூட்டில் திம்பிளின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் ஓம் ஏறும், ஓம் ஏறினால் சூடு ஏறும். உப்புக் காற்று இந்தச் சக்கரத்தைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். புயல் மீது பழி போட வேண்டியதில்லை. இது பல மாதமாக நடந்துகொண்டிருந்திருக்கும்.

அந்த இடத்தில் ஈயப் பற்று வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண பற்று ஈயம் 183 டிகிரியில் இளகும். ஓவன் 230 டிகிரியில் ஓடும்.

வைத்திக்குப்பம் | 13 டிசம்பர் 2024, காலை 7:30

தேய்ச்சும் ஓ.எல்.தான். ராடு வாங்கப் போறேன்.

முதுநகர் ஒயர்மேன் | 13 டிசம்பர் 2024, காலை 8:10

பழைய ராடைக் கையோட எடுத்துட்டுப் போங்க. மொத்த நீளம், சூடாகிற பகுதி நீளம், கம்பி தடிமன், முனை ஸ்க்ரூவா தகடா, நாலும் ஒத்து வரணும். நீளம் ஒரு செ.மீ. கூடினா சூட்டுல நீண்டு வளையும். குறைஞ்சா ஓட்டைல நிக்காது. திம்பிள் வாங்கும்போது பித்தளை வேண்டாம், ஸ்டீல், இல்லன்னா நிக்கல் பூசினதா கேளுங்க. வயரும் கொஞ்சம் வாங்கிக்கோங்க, கண்ணாடி இழை உறை போட்டது, 1.5 சதுர மி.மீ. வீட்டு வயரிங்ல மிஞ்சின பிவிசி வயரைப் போட்டுடாதீங்க. அது 70 டிகிரி வரைக்கும்தான், ஒரே பிஸ்கட் சுட்டா உருகி ஒழுகும்.

வைத்திக்குப்பம் | 14 டிசம்பர் 2024, இரவு 9:33

மாத்தியாச்சு. ஆனா கதை முடியல. புது ராடு லேசா செவக்குது, பழைய முன் ராடு செவக்கவே இல்ல. மேல் ரீடிங் 132 காட்டுது. புது ராடு டூப்ளிகேட்டா? மேல 230 வோல்ட், 500 வாட்னு அடிச்சிருக்கு.

ஓம்_விதி | 14 டிசம்பர் 2024, இரவு 10:02

ராடு மீது குற்றமில்லை. ஜோடிப் பொருத்தம்தான் இல்லை.

உங்கள் பழைய ராடு 27 ஓம். சீரிஸில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட், அதாவது 115 வோல்ட்டில் 500 வாட். புதிய ராடு 230 வோல்ட்டில் 500 வாட், 106 ஓம். வாட் ஒன்று, வோல்ட் வேறு. இரண்டையும் சீரிஸில் போட்டால் 132 ஓம், மொத்தமே 400 வாட். அதிலும் புதியது 320 வாட் எடுத்துக்கொள்ளும், பழையதுக்கு 80 வாட்தான் மிச்சம். நீங்கள் பார்ப்பது அதைத்தான். 1000 வாட் வர வேண்டிய இடத்தில் 400 வந்தால் கேக் மேலே நிறம் பிடிக்காது.

115 வோல்ட் 500 வாட் ராடு கேட்டுப் பாருங்கள். மீட்டரைக் கடைக்கே எடுத்துப் போய் 26, 27 காட்டுகிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

முதுநகர் ஒயர்மேன் | 14 டிசம்பர் 2024, இரவு 10:40

115 வோல்ட் ராடு இந்தப் பக்கம் சுலபமா ஆப்படாது. இன்னொரு வழி இருக்கு. இதே 230 வோல்ட் 500 வாட் ராடு இன்னொண்ணு வாங்கி, பழைய முன் ராடையும் எடுத்துட்டு, ரெண்டு புதுசையும் பேரலல்ல, அதாவது ஒவ்வொண்ணுக்கும் முழு 230 வோல்ட்டும் தனியா போற மாதிரி போடுங்க. 106-ம் 106-ம் பேரலல்னா 53. கணக்கு சரியா, ஓம் சார்?

ஓம்_விதி | 14 டிசம்பர் 2024, இரவு 10:52

சரி. 1000 வாட், ஸ்விட்சில் அதே 4.35 ஆம்பியர். ஸ்விட்ச், தெர்மோஸ்டாட் எதற்கும் சுமை கூடாது. ஒன்று போனாலும் மற்றது எரியும், அது லாபம்.

ஆனால் வயரிங்கைத் தெளிவாகச் சொல்லுங்கள், தகட்டை எடுக்காமல் விட்டால் வேறு கதையாகிவிடும்.

முதுநகர் ஒயர்மேன் | 14 டிசம்பர் 2024, இரவு 11:20

சொல்றேன். இப்ப வலப்பக்கம் ஸ்விட்ச்லேர்ந்து வர்ற வயர் ஒரு ராடுல, நியூட்ரல் வயர் இன்னொரு ராடுல இருக்கு. இடப்பக்கம் தகடு ரெண்டையும் சேர்க்குது. மாத்த வேண்டியது: வலப்பக்கம் ரெண்டு ராடு முனையையும் ஒரு துண்டு வயரால சேத்து, அதுல ஸ்விட்ச் வயரை மாட்டுங்க. இடப்பக்கம் தகடு அப்படியே இருக்கட்டும், அதுதான் ரெண்டோட இன்னொரு முனையைச் சேர்க்குது. வலப்பக்கத்துல இருந்த நியூட்ரல் வயர் இடப்பக்கத் தகட்டுக்குப் போகணும். அதுக்கு புது வயர் வேணும், பின் தகரத்தை ஒட்டி கொண்டு போங்க. ராடைத் தொடக் கூடாது, கூர் ஓரத்துல உரசக் கூடாது.

நியூட்ரலை வலப்பக்கமே விட்டுட்டு துண்டு வயரையும் போட்டீங்கன்னா ஃபேஸும் நியூட்ரலும் நேரா முட்டிக்கும். பிளக் சொருகறதுக்கு முன்னாடி மீட்டர்ல மேல் ரீடிங் பாருங்க. 53 வந்தா சொருகுங்க. 1, 2னு வந்தா பிளக்கைத் தூரமா வெச்சுட்டு போட்டோ போடுங்க.

ஓம்_விதி | 14 டிசம்பர் 2024, இரவு 11:31

அப்படியென்றால் தகடு இருக்கலாம், நான் எடுக்கச் சொன்னதை விட்டுவிடுங்கள். ஒயர்மேன் வழியில் அதுவே நியூட்ரல் பட்டை.

நெல்லிக்குப்பம் நெய்பிஸ்கட் | 15 டிசம்பர் 2024, காலை 6:15

புது ராடு போட்டதும் கேக் மாவை உள்ளே தள்ளிடாதீங்க. காலி ஓவனை 230 டிகிரில பதினைந்து, இருபது நிமிஷம் ஓட்டுங்க, சன்னலைத் திறந்து வெச்சு. ராடு மேல இருக்கிற எண்ணெய் புகையா போகும். இல்லேன்னா கேக் மெஷின் ஆயில் வாசத்துல வரும். அடித் தட்டுல அலுமினியத் தாள் விரிக்கிற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க. சூட்டை அப்படியே கீழ் ராடுக்குத் திருப்பி அனுப்பும், ராடு ஆயுசு குறையும்.

வைத்திக்குப்பம் | 17 டிசம்பர் 2024, இரவு 8:05

மேல் 53, கீழ் 54, ரெண்டும் 26.7. மேல் ராடு ரெண்டும் ஒரே மாதிரி செவக்குது. புகை வந்து நின்னுடுச்சு. தெர்மோஸ்டாட் காசு மிச்சம்.

மஞ்சக்குப்பம் மாடிவீடு | 18 டிசம்பர் 2024, பகல் 1:20

இதே இழையில கேக்கறேன், மன்னிக்கணும். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை வெள்ளம் வந்தப்ப எங்க கீழ் வீட்டுல ஓவன் நனைஞ்சுடுச்சு. ரெண்டு வாரம் வெயில்ல வெச்சாச்சு. இப்ப போட்டா லைட் வருது, சூடாக ஆரம்பிக்குது, ரெண்டு நிமிஷத்துல டிரிப்பர் விழுந்து வீடே இருட்டு. தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் ஒருத்தர் "எர்த் வயரைக் கழட்டிட்டா விழாது"ங்கிறார். செய்யலாமா?

ஓம்_விதி | 18 டிசம்பர் 2024, பகல் 1:34

கூடவே கூடாது.

முதுநகர் ஒயர்மேன் | 18 டிசம்பர் 2024, மாலை 6:45

அந்த ஆளு சொன்னது உண்மைதான், விழாது. ஏன் விழாதுன்னு தெரிஞ்சா எர்த் பக்கம் கையே போகாது. லீக் ஆகுற கரண்ட் இப்ப எர்த் வழியா போகுது, அதைப் பாத்து டிரிப்பர் விழுது. எர்த்தை எடுத்தா அந்தக் கரண்ட் ஓவன் பாடியிலயே நிக்கும். ஈரத் தரையில நின்னு கதவுக் கைப்பிடியைத் தொடறவங்க வழியா எறங்கும். எர்த் பின்னை வெட்டறது, எக்ஸ்டென்ஷன்ல ரெண்டு பின் மட்டும் சொருகறது, எல்லாம் ஒரே ஜாதி வேலை.

விழறது எதுன்னு மொதல்ல பாருங்க. டெஸ்ட் பட்டன் இருக்கிற அகலமான ஸ்விட்சா, எம்சிபிங்கிற ஒத்தை பிரேக்கரா? எம்சிபின்னா ஷார்ட், இல்லன்னா ஓவர்லோடு. டெஸ்ட் பட்டன் உள்ளதுன்னா எர்த் லீக்.

மஞ்சக்குப்பம் மாடிவீடு | 18 டிசம்பர் 2024, இரவு 7:10

டெஸ்ட் பட்டன் உள்ளதுதான். 30 மில்லி ஆம்பியர்னு போட்டிருக்கு.

ஓம்_விதி | 18 டிசம்பர் 2024, இரவு 8:26

அப்படியானால் ராடுக்குள் ஈரம். இரும்புக் குழாய் ராடுக்குள் நிக்ரோம் சுருள் இருக்கும். சுருளுக்கும் குழாய்க்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு பொடி. அந்தப் பொடி ஈரத்தைக் குடிக்கும். வெள்ளத்தில் நனைய வேண்டியதுகூட இல்லை, ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஓவனைத் தொடாமல் வைத்திருந்தாலே முனை வழியாக ஈரம் ஏறும். வெயிலில் குழாய் 50 டிகிரி தாண்டாது, உள்ளே உள்ள ஈரத்துக்கு அது காணாது.

30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் 15-க்கும் 30-க்கும் நடுவே விழும். 230 வோல்ட்டுக்கு அது சுமார் 8 முதல் 15 கிலோ ஓம். ஆகவே உங்கள் மல்டிமீட்டரை 2 மெகா ஓமில் வைத்து ராடு முனைக்கும் ராடு உடம்புக்கும் அளந்தால் கெட்ட ராடு சில நேரம் காட்டிக்கொடுக்கும். ஓ.எல். காட்டினால் நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மீட்டர் தருவது சில வோல்ட்தான். உறுதியாகத் தெரிய 500 வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கும் மெகர் வேண்டும், ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் பயமில்லை.

முதுநகர் ஒயர்மேன் | 18 டிசம்பர் 2024, இரவு 9:00

மெகர் இல்லாதவங்களுக்கு: பிளக்கைப் பிடுங்கிட்டு, மூடியைத் திறந்து ஒரு ராடோட *ரெண்டு* முனையையும் கழட்டி, வயர் முனைகளை தனித்தனியா பீங்கான் கனெக்டர்ல பூட்டி, மூடியைப் போட்டு ஓட்டிப் பாருங்க. விழலைன்னா அதுதான் குற்றவாளி. ஒரு முனையை மட்டும் கழட்டினா பிரயோஜனம் இல்லை. நியூட்ரல் முனை மாட்டியிருந்தாலே போதும், டிரிப்பர் விழும். சிலருக்கு ஓவன் ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தும், ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிச்சதும் விழும். அது இந்த கேஸ்தான். சீரிஸ்ல இருந்தா ஒண்ணைக் கழட்டினதும் ஜோடியும் நிக்கும், அதை மனசுல வெச்சுக்கோங்க. ஜோடியில ரெண்டையுமே சந்தேகப்படணும்.

காய வைக்க, ராடைக் கழட்டி இன்னொருத்தர் ஓவன்ல 120 டிகிரில ரெண்டு, மூணு மணி நேரம் வைங்க. ஆறினதும் முனை ஓரத்துல வெடிப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா காயவெச்சாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும், ராடையே மாத்திடுங்க.

இன்னொண்ணு. வெள்ளத் தண்ணி சேறு. டைமர், ஃபங்ஷன் ஸ்விட்ச் உள்ள சேறு காஞ்சு கிடக்கும். டைமர் கடைசி அஞ்சு நிமிஷத்துல நின்னு ஓவன் அணையாம ஓடும். அது தீ விபத்துல முடியற சமாச்சாரம். டைமர் மலிவு, மாத்திடுங்க. பயனுக்கு வந்த அப்புறமும் ரெண்டு மூணு தடவை பக்கத்துலயே நின்னு மணி அடிச்சதும் அணையுதான்னு பாருங்க.

வைத்திக்குப்பம் | 18 டிசம்பர் 2024, இரவு 9:22

ஒருத்தர் ஓவனைச் சரி பண்ண இன்னொருத்தர் ஓவன். நல்லா இருக்கு.

மஞ்சக்குப்பம் மாடிவீடு | 23 டிசம்பர் 2024, மாலை 5:40

கீழ் ராடு ஒண்ணு முனை வெடிச்சிருந்தது, மாத்தியாச்சு. பாக்கி மூணும் காயவெச்சதுல தேறிடுச்சு. டிரிப்பர் விழல. டைமரும் புதுசு.

நெல்லிக்குப்பம் நெய்பிஸ்கட் | 27 டிசம்பர் 2024, காலை 10:11

ராடு வேலை முடிஞ்சவங்க சூடு சரியா இருக்கான்னும் பாத்துடுங்க. ஓவன் தெர்மாமீட்டர் இல்லேன்னா சர்க்கரை போதும். அலுமினியத் தாள்ல ஒரு ஸ்பூன் சர்க்கரை, 180-ல் பதினைந்து நிமிஷம், உருகக் கூடாது. 190-ல் புது சர்க்கரை பதினைந்து நிமிஷம், உருகணும். 180-லேயே உருகினா உங்க ஓவன் சொல்றதை விட சூடு அதிகம்.

ஓம்_விதி | 27 டிசம்பர் 2024, காலை 11:00

சர்க்கரை 186 டிகிரியில் உருகும் என்பது கணக்கு. ஆனால் அதைவிடக் குறைந்த சூட்டிலும் நெடுநேரம் வைத்தால் சிதைந்து பழுப்பாகி இளகும். பதினைந்து நிமிஷத்தைத் தாண்டினால் இந்தச் சோதனை பொய்.

நெல்லிக்குப்பம் நெய்பிஸ்கட் | 27 டிசம்பர் 2024, காலை 11:18

அதனாலதான் பதினைந்துன்னு எழுதினேன், சார். அப்புறம் மொதல் சுத்தை நம்பாதீங்க. தெர்மோஸ்டாட் முதல் தடவை அணையும்போது குறிச்ச சூட்டைத் தாண்டி ஓடி நிக்கும். மூணு தடவை அணைஞ்சு எரிஞ்ச பிறகு நடுத்தட்டு நடுவுல பாருங்க. அப்பவும் பதினைந்து, இருபது டிகிரி ஏறி இறங்கும், அது கோளாறு இல்லை. நடு அளவைத்தான் எடுத்துக்கணும். எப்பவும் 20 டிகிரி கூடுதல்னா குமிழ் பக்கத்துல நெயில் பாலிஷால புதுசா ஒரு 180 குறிச்சுக்கோங்க. சில தெர்மோஸ்டாட் தண்டு நடுவுல சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பியும் சரிசெய்யலாம். எனக்கு நெயில் பாலிஷ்தான் பிடிக்கும், தப்பானா துடைச்சுடலாம்.

முத்தியால்பேட்டை | 6 பிப்ரவரி 2025, இரவு 8:30

எங்க ஓவன்ல லைட்டே வரல. எதுவும் வரல. ஆனா டெஸ்டர் வெச்சா பிளக் பாயிண்ட்ல எரியுது, உள்ள டைமர் முனையிலயும் எரியுது, தெர்மோஸ்டாட்லயும் எரியுது, ராடுலயும் எரியுது! கரண்ட் எல்லா இடத்துலயும் இருக்கு, வேலை மட்டும் நடக்கல.

முதுநகர் ஒயர்மேன் | 6 பிப்ரவரி 2025, இரவு 8:52

கரண்ட்ல வெச்சுக்கிட்டு உள்ள டெஸ்டர் போடறதை மொதல்ல நிறுத்துங்க. ஃபேஸ் ராடு வரைக்கும் வந்திருக்குன்னா திரும்பிப் போற வழி அறுந்திருக்கு. நியூட்ரல். பிளக் உள்ள நியூட்ரல் பின்னு ஸ்க்ரூ தளர்ந்து கருகியிருக்கும், இல்ல உங்க மாடல்ல தெர்மல் ஃபியூஸ் நியூட்ரல் பக்கம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு மீட்டர் போடுங்க.

முத்தியால்பேட்டை | 8 பிப்ரவரி 2025, காலை 9:14

தெர்மல் ஃபியூஸ்தான். வெள்ளை உறைக்குள்ள இருந்தது. ஓ.எல். அந்த இடத்துல ஒரு வயரைப் போட்டு நேரா கொடுத்துடலாமா?

ஓம்_விதி | 8 பிப்ரவரி 2025, காலை 9:30

சூடு எல்லை மீறினால் வெட்ட அங்கே இருக்கும் ஒரே பொருள் அதுதான். அதன் மேல் டிகிரியும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். அதே டிகிரி, அதே ஆம்பியர் வாங்குங்கள். ஈயப் பற்று வைத்தால் பற்று வைக்கும் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும். நசுக்குக் குழாய் (கிரிம்ப்) போட்டு நெருக்குங்கள்.

போடுவதற்கு முன் பழையது ஏன் போனது என்று பாருங்கள். சுவரை ஒட்டி வைத்திருந்தீர்களா? பின்புறமும் பக்கங்களிலும் 10 செ.மீ. இடம் வேண்டும். விசிறி உள்ள மாடலானால் விசிறி சுற்றுகிறதா? இரண்டும் சரி என்றால் தெர்மோஸ்டாட் முனை ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர்ந்த ஓவனில் குமிழை முழுக்க அணைத்து அதன் இரு முனைக்கும் மீட்டர் போடுங்கள். அப்போதும் பூஜ்யம் காட்டினால் ஒட்டிக்கொண்டது உறுதி.

உள்ளே செம்புக் குழாய் நுனியில் குமிழி உள்ள தெர்மோஸ்டாட் என்றால் அந்த மெல்லிய குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா பாருங்கள். உள்ளே உள்ள எண்ணெய் கசிந்துவிட்டால் ஓவன் எப்போதும் குளிராக இருப்பதாகவே அது நினைக்கும், அணைக்கவே அணைக்காது. இந்த இழையின் முதல் பதிவில் தேவையில்லாமல் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை இங்கே நிஜமாகவே சந்தேகிக்கலாம்.

முத்தியால்பேட்டை | 8 பிப்ரவரி 2025, மாலை 6:02

அணைச்சும் பூஜ்யம். குழாய் மடங்கல. 50 முதல் 250 டிகிரி, 16 ஆம்பியர்னு போட்டிருக்கு, அதையே கேட்டு வாங்கறேன்.

மஞ்சக்குப்பம் மாடிவீடு | 11 மே 2025, இரவு 7:48

ஓவன் நல்லாதான் இருக்கு. ஆனா அக்னி நட்சத்திரம் தொடங்கினதுலேர்ந்து ராத்திரி ஏழு மணிக்கு மேல போட்டா பிரெட்டு வேக ஒண்ணரை மடங்கு நேரம் ஆகுது. காலையில போட்டா சரி. மறுபடி ராடா?

ஓம்_விதி | 11 மே 2025, இரவு 8:20

ஓவன் ஓடும்போது பிளக் பாயிண்டில் வோல்ட் என்ன? காலையில் சரி, இரவில் இல்லை என்றால் ராடு குற்றவாளி இல்லை. தெருவே ஏசி போடும் நேரம் அது.

மஞ்சக்குப்பம் மாடிவீடு | 11 மே 2025, இரவு 8:41

190.

ஓம்_விதி | 11 மே 2025, இரவு 8:50

வோல்ட் 17 சதம் குறைந்தால் வாட் 32 சதம் குறையும். உங்கள் 2000 வாட் ஓவன் இப்போது 1365 வாட். ஓவனை அணைத்ததும் அதே பாயிண்டில் எவ்வளவு என்று பாருங்கள். 193, 195 என்றால் லைனிலேயே குறைவு. மின்வாரியத்தில் புகார், புதுச்சேரிக்காரர்கள் மின்துறையில். அணைத்ததும் 225-க்குத் தாவினால் உங்கள் வீட்டு வயரிங்கில் எங்கோ தளர்வு, அதை அன்றே பார்க்க வேண்டும்.

முதுநகர் ஒயர்மேன் | 11 மே 2025, இரவு 9:15

மல்டி பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நடுவுல இருக்கான்னும் பாருங்க. 2000 வாட் 8.7 ஆம்பியர், 6 ஆம்பியர் பாயிண்ட்ல வேலையே கிடையாது. 16 ஆம்பியர் பவர் பிளக், நேரா சுவத்துல. பத்து நிமிஷம் ஓடின பிறகு ஸ்விட்சை அணைச்சு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவால்ல. கை வைக்க முடியலைன்னா சாக்கெட்டை மாத்துங்க.

மஞ்சக்குப்பம் மாடிவீடு | 11 மே 2025, இரவு 9:40

அணைச்சா 194. நேரா சுவத்துலதான். அப்ப லைன்தான். புகார் கொடுக்கறேன், அதுவரைக்கும் பிரெட்டு காலையில.

வைத்திக்குப்பம் | 2 ஜூன் 2025, மாலை 4:25

மீட்டர் பிடிக்கத் தைரியம் வந்துடுச்சு. அக்கா வீட்டு கன்வெக்ஷன் மைக்ரோவேவ் சூடாகலையாம். இதே மாதிரி திறந்து பாக்கட்டுமா?

முதுநகர் ஒயர்மேன் | 2 ஜூன் 2025, மாலை 4:31

வேண்டாம் தாயே. அதுல ஓடறது 2000 வோல்ட்டுக்கு மேல, பிளக்கைப் பிடுங்கின அப்புறமும் உள்ள கபாசிட்டர் சார்ஜை வெச்சுக்கிட்டு உட்காந்திருக்கும். ஓடிஜி அனுபவம் அங்க செல்லாது. அந்த வேலை தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லுங்க.

முத்தியால்பேட்டை | 5 ஜூன் 2025, காலை 8:08

தெர்மோஸ்டாட் இப்பதான் கிடைச்சு மாட்டினேன். வேலை செய்யுது, அணையுது. ஆனா குமிழ் தலைகீழா நிக்குது. 'ஆஃப்' கீழ இருக்கு.

முதுநகர் ஒயர்மேன் | 5 ஜூன் 2025, காலை 8:40

தண்டுல ஒரு பக்கம் தட்டையா சீவியிருக்கும். பழசுல அது மேல பாத்தது, புதுசுல கீழ. குமிழைத் திருப்பி மாட்ட முடியாது. தெர்மோஸ்டாட்டைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்க்ரூவை எடுத்துட்டு உடம்பையே அரைச் சுத்து திருப்பி அதே ஓட்டையில மாட்டுங்க. வயர் எட்டலைன்னா இழுக்காதீங்க, நீளம் கூட்டிக்கோங்க.